பழைய காரின் படம்: விவரம் குறையாமல் எடையைக் குறைத்துப் பகிர்வது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒரு ஒஸ்ரின் ஏ40 ஐயோ மொறிஸ் மைனரையோ இன்றும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர்களுக்குப் படம் அனுப்புவது வண்டியைக் காட்டி மகிழ்வதற்கு மட்டும் இல்லை. அது சாமான் தேடும் வழி. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இவை. மண்ணெண்ணெய்க் காலம் போய்விட்டது, சாமான் தட்டுப்பாடு போகவில்லை. காபரேற்றர் ஊசி, டிஸ்றிபியூட்டர் மூடி, வீல் சிலிண்டர் ரப்பர், எதுவானாலும் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் விசாரிக்க வேண்டும். அங்கே இல்லாவிட்டால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்ல வேண்டும். தேடித் தருபவர் உங்கள் வண்டியைக் கண்ணால் கண்டவர் அல்ல. நீங்கள் அனுப்பும் படத்தை வைத்துத்தான் அவர் கடைக்காரரிடம் பேசப் போகிறார்.

அந்தப் படம் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, கேமரா தந்த கோப்பை அப்படியே அனுப்புவது. பத்துப் படம் சேர்ந்தால் 40 மெகாபைட் தாண்டும். நெடுந்தீவிலோ வடமராட்சிக் கரையிலோ சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவரின் ஃபோனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மற்றது, எடையைக் குறைக்கிறோம் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுருக்கி அனுப்புவது. படம் கெதியாகத் திறக்கும், ஆனால் பாகத்தில் பொறித்திருக்கும் இலக்கம் கரைந்து போயிருக்கும்.

எடை குறைந்தால் விவரமும் குறைந்தே தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் வெட்டி, அதன் பிறகு சுருக்கினால், படம் இலேசாகவும் இருக்கும், இலக்கமும் தெளிவாகத் தெரியும். இந்த ஒழுங்கு மாறினால்தான் இரண்டில் ஒன்றை இழக்கிறோம். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

முதலில் கொஞ்சம் கணக்கு

இன்றைய ஃபோன்களில் பெரும்பாலானவை 12 மெகாபிக்சல் அளவில் படம் தருகின்றன. அதாவது நீளப்பக்கம் 4000 புள்ளி, அகலப்பக்கம் 3000 புள்ளி. 50 மெகாபிக்சல் என்று பெட்டியில் எழுதியிருக்கும் ஃபோன்களும் வழமையான நிலையில் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் அளவில்தான் சேமிக்கின்றன. அப்படி ஒரு படம் சாதாரணமாக 3 முதல் 5 மெகாபைட் வரும்.

இப்போது பார்ப்பவரின் பக்கம். அவருடைய ஃபோன் திரையின் அகலம் பெரும்பாலும் 1080 புள்ளி. லாப்டொப் என்றால் 1366 அல்லது 1920. நீங்கள் அனுப்பிய 4000 புள்ளியையும் காட்ட அந்தத் திரையில் இடம் இல்லை. அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் மட்டுமே மேலதிகப் புள்ளிகள் பயன்படும்.

நேரத்தையும் பார்த்துவிடலாம். ஒரு பைட் என்பது 8 பிட். 4 மெகாபைட் படம் 32 மெகாபிட். வினாடிக்கு 2 மெகாபிட் வேகம் உள்ள இணைப்பில் அது வந்து சேர 16 வினாடி பிடிக்கும். பத்துப் படம் என்றால் 160 வினாடி, கிட்டத்தட்ட இரண்டே முக்கால் நிமிடம். அதே பத்துப் படத்தையும் 350 கிலோபைட்டாக ஆக்கினால் மொத்தம் மூன்றரை மெகாபைட். 14 வினாடியில் எல்லாம் திறந்துவிடும். மொபைல் இணைப்பில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தை விடக் குறைவாக இருப்பது வழக்கம், ஆகையால் அனுப்பும் உங்களுக்கும் இதனால் மிச்சம் உண்டு. டேட்டாவைக் காசு கொடுத்து அளந்து வாங்குபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

படி 1: நல்ல வெளிச்சம், நல்ல கோணம்

எடையைக் குறைக்கும் வேலை கணினியில் தொடங்குவதில்லை, கராஜில் தொடங்குகிறது. இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போலச் சிறு புள்ளிகள் நிறைந்திருக்கும். அந்தப் புள்ளிகளையும், ஃபோன்கள் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை விவரம் என்றே எடுத்துக்கொண்டு சேமிக்கப் பார்க்கும். விளைவு, ஒரே அளவுள்ள இரண்டு படங்களில் இருட்டில் எடுத்தது கூடுதல் எடையாகவும் கூடுதல் மங்கலாகவும் இருக்கும். ஆகவே பொனட்டைத் திறந்து வண்டியை வெளியே தள்ளுங்கள். காலை எட்டு ஒன்பது மணி வெயில் அல்லது பின்னேர வெயில் நல்லது. உச்சி வெயிலில் குரோமியம் பூசிய பாகங்கள் வெள்ளையாக எரிந்து போகும், நிழல் விழுந்த இடம் கறுப்பாகிவிடும். கார்த்திகை, மார்கழி மழை மூட்டம் உண்மையில் படத்துக்கு அருமையான வெளிச்சம்: மென்மையாக எல்லாப் பக்கமும் பரவும்.

நீலத் தறப்பாளுக்குக் கீழே மட்டும் எடுக்காதீர்கள். எங்கள் ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் நிற்கின்றன. தறப்பாள் வழியாக வரும் வெளிச்சம் எல்லாவற்றையும் நீலமாக்கும். வயரிங் படத்தில் இது பெரிய கேடு. இந்த வண்டிகளின் மின் பாகங்களைச் செய்த லூக்காஸ் கம்பனியின் வயரிங்கில் நிறம்தான் விலாசம்: மண்ணிறம் பற்றறியிலிருந்து நேரே வரும் முதன்மை வயர், வெள்ளை இக்னிஷன் திறந்தவுடன் மின் வரும் வயர், பச்சை அதற்குப் பிறகு ஃபியூஸ் வழியாகப் போவது, நீலம் பெரிய லைட், சிவப்பு பக்க லைட், கறுப்பு எர்த். துணி சுற்றிய பழைய வயர்களில் நிறம் ஏற்கெனவே மங்கியிருக்கும். அதன் மேல் நீல வெளிச்சமும் விழுந்தால் மண்ணிறத்தையும் சிவப்பையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வண்டியை வெளியே எடுக்கவே முடியாவிட்டால், ஒரு வெள்ளைத் தாளை வயர்களுக்குப் பக்கத்தில் வைத்து எடுங்கள். தாள் எவ்வளவு நீலமாகத் தெரிகிறதோ அந்த அளவுக்கு நிறத்தைப் பின்னர் திருத்தலாம். திருத்தாவிட்டாலும் பார்ப்பவருக்கு நிலைமை விளங்கும்.

பொறித்த இலக்கங்களுக்குத் தனி முறை வேண்டும். லூக்காஸ் டிஸ்றிபியூட்டரின் உடம்பில் மாதிரி இலக்கமும் செய்த காலமும் ஆழம் குறைவாகப் பொறித்திருக்கும். எஸ்.யூ. என்ற கம்பனியின் காபரேற்றர்களில் மிதவைக் கிண்ணத்தின் மூடித் திருகாணிக்குக் கீழே ஒரு சிறிய உலோகத் துண்டு இருக்கும், அதில் ஏ.யூ.சி. அல்லது ஏ.யூ.டி. என்று தொடங்கும் இலக்கம் வரும். எந்த வண்டிக்கான காபரேற்றர் என்று கண்டுபிடிக்க அந்த இலக்கம் போதும். அறுபது எழுபது வருட எண்ணெய்ப் பிசுக்கு அதை மூடியிருக்கும். பெற்றோலில் நனைத்த துணியால், எஞ்சின் ஆறிய பிறகு, மெதுவாகத் துடையுங்கள். உலர்ந்ததும் வெள்ளைச் சோக்கை மேலே தேய்த்து, மேற்பரப்பை மட்டும் விரலால் வழித்துவிடுங்கள். குழிகளில் சோக் தங்கி எழுத்து வெள்ளையாகத் தெரியும்.

அடுத்தது வெளிச்சத்தின் திசை. ஃபோனின் ஃபிளாஷ் நேரே அடிக்கும், பொறித்த எழுத்தின் நிழலை அது கொன்றுவிடும். ஃபிளாஷை நிறுத்திவிட்டு, இன்னொரு ஃபோனின் டோர்ச்சை மேற்பரப்போடு ஒட்டியபடி பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் நிழல் விழுந்து இலக்கம் எழும்பி நிற்கும். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதிப் படங்கள் உருப்படும்.

ஃபோனை மிகவும் கிட்டக் கொண்டு போகாதீர்கள். பல ஃபோன்களின் முதன்மைக் கேமரா ஒரு சாண் தூரத்துக்குக் குறைவாகப் போனால் ஃபோக்கஸ் பிடிக்காது. கொஞ்சம் தள்ளி நின்று, தேவையான பாகத்தைத் திரையில் தொட்டு ஃபோக்கஸ் செய்து எடுங்கள், பின்னர் வெட்டிக்கொள்ளலாம். விரலால் சூம் செய்வதால் வரும் நன்மையும் ஏறத்தாழ அதே வெட்டுத்தான், ஆனால் அங்கே ஃபோன் தன் விருப்பத்துக்கு வெட்டுகிறது.

பாகத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வையுங்கள். அளவு தெரியாத வாஷரின் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கடைக்காரருக்கு உதவாது. நட், போல்ட் என்றால் புரிகள் தெரியும்படி அடிமட்டத்துக்குச் சமாந்தரமாகப் படுக்க வையுங்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை புரி என்று அவரே எண்ணிக்கொள்வார். பற்றறிப் பிரச்சினை என்றால் எந்த முனை பொடியில், அதாவது வண்டியின் இரும்பு உடம்பில், பூட்டியிருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். அந்தக் காலப் பிரித்தானிய வண்டிகள் பல, கம்பனியிலிருந்து வரும்போது நேர்முனை பொடியில் பூட்டியவை. இங்கே ஓடுபவற்றில் பல பின்னர் மாற்றப்பட்டவை. இது தெரியாமல் சொல்லும் எந்த ஆலோசனையும் வயரை எரித்துவிடலாம்.

படி 2: வெட்டுங்கள்

ஃபோனின் கேலரியிலேயே வெட்டும் வசதி இருக்கிறது, வேறு செயலி தேவையில்லை. மூலப் படத்தின் மேல் சேமிக்காமல் பிரதியாகச் சேமியுங்கள்.

எஸ்.யூ. காபரேற்றரின் அந்த உலோகத் துண்டு 4000 புள்ளிப் படத்தில் 600 புள்ளி அகலம் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுப் படத்தையும் 1600 புள்ளிக்குச் சுருக்கினால் அந்தத் துண்டு 240 புள்ளியாகிவிடும். சோக் தடவிய எழுத்துகள் அதில் தட்டுத் தடுமாறித்தான் தெரியும். அப்படிச் செய்யாமல், துண்டைச் சுற்றி 1200க்கு 900 புள்ளி உள்ள ஒரு பகுதியை வெட்டி, சுருக்காமல் அனுப்பினால் துண்டு 600 புள்ளியாகவே இருக்கும். மொத்தப் புள்ளிகளைப் பெருக்கிப் பாருங்கள்: சுருக்கிய முழுப் படத்தில் 19 இலட்சத்து 20 ஆயிரம், வெட்டிய படத்தில் 10 இலட்சத்து 80 ஆயிரம். வெட்டியது சிறியது, விவரமும் அதில்தான் கூட.

வெட்டும்போது பாகத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடுங்கள். பக்கத்தில் எந்தக் குழாய் வருகிறது, எந்தப் பக்கம் மேல் என்பது தெரிய வேண்டும். அதற்கு மேல் கராஜ் தரையும் சுவரும் வேண்டாம். சரளைக்கல், புல், வேப்பமிலை போன்ற பின்னணிகள் ஜேபெக் கோப்பின் எடையை வீணாக ஏற்றும். வெறும் வானம், வர்ணம் பூசிய கதவு போன்ற வழுவழுப்பான பரப்புகளுக்கு எடை மிகக் குறைவு. கழற்றிய பாகத்தைப் படம் எடுக்கும்போது ஒரு பழைய வேட்டித் துண்டையோ கார்ட்போர்ட்டையோ விரித்து அதன் மேல் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 3: அளவைக் குறையுங்கள்

வண்டி முழுதும் தெரியும் படம், பொனட்டுக்குள் முழுதும் தெரியும் படம், உட்புறம்: இவற்றுக்கு நீளப்பக்கம் 1600 புள்ளி போதும். வெட்டிய நெருக்கப் படம் 1600க்குள் வந்துவிட்டால் அதைச் சுருக்க வேண்டாம். சிறிய படத்தைப் பெரிதாக்குவதிலும் பயன் இல்லை, இல்லாத விவரம் வந்துவிடாது.

அப்புறம் ஜேபெக் தரம். பெரும்பாலான மென்பொருள்கள் இதை 1 முதல் 100 வரை கேட்கும். 100 என்று வைத்தால் எடை தாறுமாறாக ஏறும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 80 நல்ல இடம். இலக்கமும் எழுத்தும் முக்கியமான படத்துக்கு 85, 90 வரை போகலாம். 60க்குக் கீழே போனால் விளிம்புகளைச் சுற்றி ஒரு கலங்கல் தெரியத் தொடங்கும். ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 புள்ளிச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் கண் எளிதில் கவனிக்காத நுண்விவரத்தைக் கழித்துவிடுகிறது. அழுத்தம் கூடும்போது அந்தச் சதுரங்களே வெளியே தெரியும். நிற விவரத்தை அது பெரும்பாலும் வெளிச்ச விவரத்தைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்ளும். ஆகவே மெல்லிய வயர்கள் நெருக்கமாக ஓடும் படத்தில் ஒன்றின் நிறம் மற்றதில் கசியும். வயரிங் படத்தைச் சுருக்காமல், சிறு பகுதிகளாக வெட்டி, 90 தரத்தில் அனுப்புங்கள்.

1600க்கு 1200 புள்ளி, 80 தரம் என்றால் பெரும்பாலும் 300 முதல் 500 கிலோபைட்டுக்குள் வரும். எஞ்சின் படம் கொஞ்சம் கூட வரலாம், பரவாயில்லை.

ஒரு படத்தைத் திறந்து, திருத்தி, ஜேபெக்காகச் சேமித்து, மறுபடி திறந்து சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும். வெட்டுவது, வெளிச்சம் திருத்துவது, சுருக்குவது எல்லாவற்றையும் மூலப் படத்திலிருந்து தொடங்கி ஒரே மூச்சில் முடித்து ஒரு தடவை சேமியுங்கள். இன்னொருவர் அனுப்பிய படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம்: திரையின் அளவுக்கு விவரம் குறைந்து, சுற்றியுள்ள பட்டன்களும் சேர்ந்து வரும்.

எதில் செய்வது

விண்டோஸ் கணினி இருந்தால் இர்ஃபான்வியூ. வீட்டுப் பாவனைக்கு இலவசம், பழைய லாப்டொப்பிலும் இலகுவாக ஓடும். அதில் பல படங்களை ஒரே தடவையில் மாற்றும் வசதி உண்டு: கோப்புகளைத் தெரிவு செய்து, நீளப்பக்கம் 1600, தரம் 80 என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் முழுக் கோப்புறையையும் மாற்றி வேறு இடத்தில் வைத்துவிடும். வெளியே வரும் கோப்புறை மூலப் படங்கள் இருக்கும் கோப்புறையாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மேக், லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு எக்ஸ்என்கன்வர்ட் இதே வேலையைச் செய்யும்.

கணினி இல்லாதவர்களுக்கு ஸ்குவூஷ் என்ற வசதியைச் சொல்வேன். ஃபோன் பிரவுசரிலேயே திறக்கும். படத்தை எங்கும் ஏற்றாமல் உங்கள் ஃபோனுக்குள்ளேயே வேலை செய்வதால் டேட்டா வீணாகாது. மூலப் படத்தையும் சுருக்கிய படத்தையும் நடுவில் ஒரு கோடு வைத்துப் பக்கம் பக்கமாகக் காட்டும். தரத்தைக் குறைக்கக் குறைக்க எத்தனை கிலோபைட் ஆகிறது என்பதும் கீழே ஓடும். ஒரு பொறித்த இலக்கத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் அது கெடத் தொடங்குகிறது என்று ஒரு தடவை உங்கள் கண்ணால் பாருங்கள். இதற்கு மேலான பாடம் எதுவும் இல்லை. ஒரே குறை, ஒவ்வொரு படமாகத்தான் செய்ய வேண்டும்.

படி 4: கோப்பின் வகை

படத்துக்கு ஜேபெக். கையேட்டிலிருந்து ஸ்கேன் செய்த வயரிங் வரைபடத்துக்குப் பிஎன்ஜி. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக இருக்கும் வரைபடத்தைப் பிஎன்ஜி எதையும் இழக்காமல், பல தடவை ஜேபெக்கை விடச் சிறிதாகவும் வைத்திருக்கும்; ஆனால் காரின் படத்தைப் பிஎன்ஜியில் சேமித்தால் பல மடங்கு எடை ஏறும்.

ஐஃபோன்கள் 2017 இல் வந்த ஐஓஎஸ் 11 இலிருந்து எச்இஐசி என்ற வகையில் படத்தைச் சேமிக்கின்றன. எடை குறைந்த நல்ல முறைதான், ஆனால் பழைய விண்டோஸ் கணினிகளில் திறக்காது. செட்டிங்ஸ் போய், கேமரா, அதில் ஃபோர்மற்ஸ், அதில் மோஸ்ட் கொம்பாட்டிபிள் என்பதைத் தெரிவு செய்தால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். வெப்பீ என்ற வகை ஜேபெக்கை விடச் சிறிது. ஆனாலும் பஞ்சிகாவத்தைக் கடையில் ஒருவர் எந்த ஃபோனில் திறப்பார் என்று உங்களுக்குத் தெரியாதபோது ஜேபெக்தான் பத்திரம்.

சில படங்கள் அனுப்பிய பிறகு பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். ஃபோன் படத்தைத் திருப்பாமல், திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்பில் எழுதுவதும், சில மென்பொருள்கள் அந்தக் குறிப்பைப் படிக்காமல் விடுவதும்தான் காரணம். கேலரியில் ஒரு சுற்றுத் திருப்பி, மறுபடி நேராக்கிச் சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 5: வட்ஸ்அப்பில் அனுப்பும்போது

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கும். சாதாரண நிலையில் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிக்குள் வந்துவிடும், அழுத்தமும் கூடும். 2023 இலிருந்து, கூடுதல் விவரத்தோடு அனுப்ப எச்டி என்ற தெரிவு இருக்கிறது. அனுப்புவதற்கு முன் மேலே தெரியும் அந்தக் குறியைத் தொட வேண்டும். வைபரும் படங்களைச் சுருக்கித்தான் அனுப்பும்.

இங்கேதான் முன்கூட்டியே வெட்டுவதன் அருமை தெரியும். 4000 புள்ளிப் படத்தைக் கொடுத்தால் எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று வட்ஸ்அப்புக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சமமாகச் சுருக்கும். 1200 புள்ளிக்கு வெட்டிய படத்தைக் கொடுத்தால் அளவில் கைவைக்க அதற்கு வேலையில்லை. பல கை மாறிப் போகப் போகிற படம் என்றால், முக்கியமான ஒன்றிரண்டை மட்டும் டொக்கியுமென்ட் என்ற வழியில் கோப்பாக அனுப்புங்கள். கோப்பு மாறாமல் அப்படியே போகும். நான்கு படத்தை ஒன்றாக ஒட்டிக் கொலாஜ் செய்து அனுப்புவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கால்வாசி இடம்தான் கிடைக்கும், ஒன்றிலும் ஒன்றும் தெரியாது.

படி 6: அனுப்பக்கூடாதவை

ஃபோன் கேமரா படத்தோடு எடுத்த இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு இரண்டையும் கோப்புக்குள் எழுதிவைக்கலாம். வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியின் படம் என்றால் அது உங்கள் வீட்டு விலாசம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இந்தத் தகவல் கழன்றுவிடும். டொக்கியுமென்ட்டாக அனுப்பும்போது அப்படியே கூடப் போகும். இது பலருக்குத் தெரிவதில்லை. அன்ட்ரொய்ட் ஃபோனில் கேமரா செட்டிங்ஸில் இடக்குறிப்பை நிறுத்தலாம். ஐஃபோனில் பிரைவசி பகுதியில் லொக்கேஷன் சேர்விஸஸ் போய்க் கேமராவுக்கு நெவர் என்று கொடுக்கலாம்.

இலக்கத்தகடு வீதியில் எல்லோருக்கும் தெரிவதுதான். ஆனால் இலக்கத்தகடும், சேசிஸ் இலக்கமும், எஞ்சின் இலக்கமும், வண்டிப் புத்தகத்தின் பக்கமும் ஒரே தொகுப்பில் பலர் பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டாம். பழைய வண்டிகளின் பெறுமதி இந்த இலக்கங்கள் ஒத்துப்போவதில்தான் இருக்கிறது. அவை மொத்தமாக வெளியே போனால் இன்னொரு வண்டிக்குப் பொய்ப் பத்திரம் செய்ய உதவிவிடும். பாகம் தேட சேசிஸ் இலக்கத்தின் முற்பகுதி பெரும்பாலும் போதும். கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிடுங்கள். மறைக்கும்போது கறுப்புப் பெட்டி போட்டு மூடுங்கள். மங்கலாக்குவது பாதுகாப்பில்லை, சில நேரம் திரும்ப ஊகிக்க முடியும். படத்தில் பிள்ளைகளோ அயலவரோ நின்றால் வெட்டுங்கள்.

படி 7: ஒழுங்கும் குறிப்பும்

முப்பது படத்தை ஒன்றாகக் கொட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு கேள்விக்கு நான்கு முதல் ஆறு படம். முதலாவது வண்டி முழுதும்: இது எந்த மாதிரி என்று ஒரே பார்வையில் விளங்கும். டெவன், சோமர்செட், ஃபரீனா மூன்றும் ஏ40 என்ற பெயரில் வந்தவை. டெவன் 1947 இலிருந்து 1952 வரை, சோமர்செட் 1952 இலிருந்து 1954 வரை, ஃபரீனா 1958 இலிருந்து 1967 வரை. ஏ40 க்கு வேண்டும் என்று மட்டும் எழுதினால் இந்த மூன்று வேறு வண்டிகளில் எது என்று தெரியாது. இரண்டாவது, பாகம் வண்டியில் இருக்கும் இடம். மூன்றாவது, பாகம் தனியே அடிமட்டத்தோடு. நான்காவது, இலக்கம்.

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து ஒரு வரி எழுதுங்கள். இப்படி:

"அண்ணை, வணக்கம். 1953 சோமர்செட், 1200 சிசி எஞ்சின், பற்றறி இப்போது எதிர்முனை எர்த். படம் 1 வண்டி. படம் 2 பெற்றோல் பம்ப் இருக்கும் இடம். படம் 3 பம்ப் தனியே, பக்கத்தில் அங்குல அடிமட்டம். படம் 4 பம்பில் உள்ள இலக்கம், சோக் தடவியது. உள்ளே இருக்கும் டயஃபிராம் கிழிந்திருக்கிறது, அது மட்டும் கிடைத்தாலும் போதும். அவசரம் இல்லை."

எழுத்துக்கு எடையே இல்லை. இந்தக் குறிப்பு முழுவதும் சில கிலோபைட்தான். படம் ஒன்றும் திறக்காவிட்டாலும் வாசிப்பவர் தேடத் தொடங்கலாம். வேண்டியது கிடைத்த பிறகு, எந்தப் பாகம் பொருந்தியது என்ற ஒரு வரியையும் அதே இடத்தில் போடுங்கள். அடுத்து அதே பாகத்தைத் தேடுபவருக்கு உங்கள் ஆறு படங்களை விட அந்த வரி பெரிய உதவி.

சத்தம், வீடியோ

எஞ்சின் தட்டுகிறது, தவறுகிறது என்றால் எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள். 1080 தரத்தில் ஒரு நிமிட வீடியோ, ஃபோனையும் அமைப்பையும் பொறுத்து, 60 முதல் 130 மெகாபைட் வரும். சுருக்கிய நூறு படத்துக்கு மேலான எடை இது. சத்தம்தான் கேள்வி என்றால் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள்; நல்ல தரத்திலேயே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட்தான். முதலில் எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஐட்லிங், பிறகு சூடான நிலையில், பிறகு மெதுவாக அக்சிலரேட்டர் ஏற்றி இறக்கி. காற்று அடிக்காத பக்கம் நின்று, ஃபோனை ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். அசைவு தெரிய வேண்டியிருந்தால், உதாரணமாக ஃபேன் ஆட்டம் அல்லது புகையின் நிறம், 720 தரத்தில் இருபது வினாடி எடுத்தால் போதும்.

படி 8: மூலப் படங்களை எங்கே வைப்பது

பகிர்ந்தது சுருக்கிய பிரதி. மூலப் படம் உங்களிடம் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு இடத்தில். 2017 நடுப்பகுதியில் ஃபோட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம், அங்கே வைத்த படங்களை வேறு இடங்களில் காட்டுவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டொலர் கேட்கத் தொடங்கியது. பழைய வண்டி திருத்துவது பற்றி உலகம் முழுவதும் பலர் ஆண்டுக்கணக்காக எழுதிவைத்த விளக்கங்களில் படங்கள் இருந்த இடமெல்லாம் ஒரே நாளில் வெற்றுப் பெட்டிகளாயின. மூலப் படத்தை வீட்டில் வைத்திருந்தவர்கள்தான் அவற்றைத் திரும்பப் போட முடிந்தது.

கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட். அது மின்னஞ்சலுக்கும் சேர்த்து. படங்களுக்கு எல்லையில்லா இலவச இடம் என்பது 2021 ஜூனோடு முடிந்துவிட்டது. ஆகவே ஒரு பிரதி அங்கே இருக்கட்டும், மற்றது ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில். எங்கள் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் பென் டிரைவை அலுமாரி மூலையில் போட்டுவிட்டு நம்பியிருக்க முடியாது. ஹார்ட் டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பைகளோடு வைத்து, ஆண்டுக்கு ஒரு தடவையாவது செருகித் திறந்து பாருங்கள்.

கோப்புப் பெயரை ஃபோன் தரும் இலக்கத்தோடு விடாதீர்கள். ஆண்டு, மாதம், நாள், வண்டி, பாகம் என்ற ஒழுங்கில் வையுங்கள்: 2025-01-18-சோமர்செட்-பம்ப்-1 என்பது போல. ஆண்டு முன்னுக்கு வந்தால் கோப்புகள் தாமாகவே கால ஒழுங்கில் அடுக்கிக்கொள்ளும். கழற்றுவதற்கு முன் எடுத்தவற்றுக்குப் பெயரில் 'முன்' என்றும், பூட்டிய பிறகு எடுத்தவற்றுக்குப் 'பின்' என்றும் சேர்த்துவிடுங்கள். அடுத்த தடவை அதே காபரேற்றரை இறக்கும்போது எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் இருந்தது என்று மெக்கானிக்கோடு வாதாட வேண்டியிருக்காது. வண்டி கைமாறினால் இந்தக் கோப்புறையின் பிரதி ஒன்றை வண்டிப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.